கோனேரிராஜபுரத்துத் தெற்குச் சுவரும் ஒரு சோழ மாமியாரும்

கோனேரிராஜபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நடராஜரைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் செப்புத் திருமேனி. தீபத்தைத் தூக்கிக் காட்டி, இதோ மச்சம், இதோ ரேகை என்று அர்ச்சகர் ஒவ்வொன்றாகச் சொல்வார். நானும் பார்த்தேன், வாயடைத்து நின்றேன். ஆனால் அவரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கும்பகோணத்திலிருந்து காரைக்கால் பஸ் ஏறி, எஸ். புதூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தது தெற்குச் சுவருக்காக.

மூலவர் விமானத்தின் அந்தச் சுவரில் சின்னதாக ஒரு சிற்பம் இருக்கிறது. லிங்கத்தை ஓர் அரசர் கும்பிடுகிறார். எண்ணெயும் விபூதியும் காலமும் சேர்ந்து முகத்தை மழுக்கிவிட்டன. கூடவே இருக்கும் எழுத்து அப்படி மழுங்கவில்லை. 'கண்டராதித்த தேவர் தேவியார் செம்பியன் மாதேவியார்' என்று தொடங்கி, தம் மகன் உத்தம சோழன் அரசாளும்போது, தம் கணவர் பெயரால் திருநல்லமுடையார்க்குக் கற்றளி, அதாவது கல்லால் ஆன கோயில், எடுத்து, அவர் இறைவனைத் தொழுவதாகச் செய்துவைத்த உருவம் இது என்கிறது. திருநல்லம் என்பது இந்த ஊரின் தேவாரப் பெயர்.

ஒரே மூச்சில் கணவர், மகன், கோயில் மூன்றையும் சொல்லிவிடுகிறார். கண்டராதித்தர் இறந்தது 957 வாக்கில். உத்தமன் பட்டத்துக்கு வந்ததோ 970 வாக்கில். அப்படியானால் இந்த உருவத்தைச் செதுக்கும்போது அவர் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 'இப்படித்தான் உட்காருவார், இப்படித்தான் கும்பிடுவார்' என்று அந்த அம்மா சிற்பியிடம் சொல்லியிருப்பாரோ என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. கோயிலை எடுத்தவன் பெயரும் இங்கே உண்டு: ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன். அவனுக்கு ராஜகேசரி மூவேந்தவேளான் என்று பட்டம் கட்டியதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். கொத்தனார் பெயரைக் கல்வெட்டிலேயே போட்ட முதலாளிகள் எந்தக் காலத்திலும் குறைவுதான்.

இந்தக் குடும்பக் கதை கொஞ்சம் சிக்கலானது. செம்பியன் மாதேவி மழவரையர் மகள். மழநாடு கொள்ளிடத்துக்கு வடகரை, திருமழபாடிப் பக்கம். புகுந்த வீடு முதல் பராந்தகனுடையது. மூத்தவன் ராஜாதித்தன் 949இல் தக்கோலப் போரில் யானை மேலேயே மாண்டுபோக, இவர் கணவர் அரசரானார். அவர் மனமெல்லாம் தில்லையில் இருந்தது. அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவர் மறைந்தபோது மகன் சிறுபிள்ளை. பட்டம் கொழுந்தன் அரிஞ்சயனுக்குப் போனது, அப்புறம் அவர் மகன் சுந்தர சோழனுக்கு. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பிறகுதான் உத்தமன் முறை வந்தது. அவனுக்குப் பின் பட்டம் அவன் பிள்ளைக்குப் போகாமல் 985இல் கரிகாலனின் தம்பி ராஜராஜனுக்குப் போனது. வேறு வீடாக இருந்தால் பங்காளிச் சண்டை தலைமுறைக்கும் நீண்டிருக்கும். இங்கே உத்தமனின் பிள்ளை மதுராந்தகன் கண்டராதித்தன், தாத்தா பெயரைத் தாங்கிய பேரன், ராஜராஜனின் அதிகாரியாகக் கோயில் நிர்வாகங்களை விசாரிக்கிற வேலையில் இருந்தான். ராஜராஜன் ஆட்சியிலும் பாட்டியின் திருப்பணி நிற்கவில்லை. 1001 வரை அவர் கொடைகள் தொடர்கின்றன.

மறுநாள் திருக்கோடிக்காவல். இதுவும் செங்கல்லை எடுத்துவிட்டு அவர் கற்றளியாக்கிய கோயில். பழைய கோயிலில் இருந்த பல்லவர் காலச் சாசனங்களைத் தூக்கி எறியாமல், புதுச் சுவரில் திரும்ப வெட்டவைத்து, 'இதுவும் ஒரு பழங்கற்படி', அதாவது பழைய கல்வெட்டின் நகல், என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கும்பாபிஷேகம் என்ற பெயரில் கல்வெட்டின் மேல் பெயிண்ட் அடிப்பவர்கள் இங்கே ஒரு நடை வந்துபோனால் நல்லது.

கடைசியாக, நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட செம்பியன்மாதேவி. வயல், வாய்க்கால், நடுவில் கைலாசநாதர் கோயில். எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்த ஊர் இதுதான். காரணம், இங்கே பேசுவது மருமகள்கள். உத்தம சோழனுக்கு மனைவியர் பலர்: பட்டன் தானதொங்கியார், மழபாடித் தென்னவன் மாதேவியார், இருங்கோளர் மகளார், பழுவேட்டரையர் மகளார், இன்னும் சிலர். மாமியார் பிறந்த நட்சத்திரம் சித்திரைக் கேட்டை. அந்த நாளில் நடக்க வேண்டிய பூசைக்கும் அன்னதானத்துக்கும் இந்த மருமகள்கள் நிவந்தம், அதாவது நிரந்தரக் கொடை, எழுதிவைத்திருக்கிறார்கள். அரசியல் கணக்குக்காக ஒவ்வொரு சிற்றரசர் வீட்டிலிருந்தும் வந்து சேர்ந்த பெண்கள் இவர்கள். மாமியாரின் மேல் உள்ள அன்பா, பெரிய வீட்டு மரியாதையா, ஒருத்தி கொடுத்ததைப் பார்த்து இன்னொருத்தி கொடுத்ததா? மூன்றும் கலந்துதான் இருக்கும் என்பது என் எண்ணம். எந்தக் கூட்டுக் குடும்பத்தில் அப்படி இல்லை?

ராஜேந்திரன் காலத்தில் இதே கோயிலில் செம்பியன் மாதேவிக்குச் சிலையும் எடுத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் 1929 முதல் இருக்கும் செப்புத் திருமேனி, மூன்றரை அடி உயரம், சரிந்த தோள், நீண்ட கைகள், அவர்தான் என்று பலர் கருதுகிறார்கள். பார்வதி வடிவில் அரசியைக் காட்டியது என்பது அவர்கள் வாதம். இந்த ஊரிலிருந்து போனதுதான் அது என்று தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் சொன்னது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அது அரசியா அம்பாளா என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். அந்தச் சிலை ஊருக்குத் திரும்பி வந்தால், சித்திரைக் கேட்டையன்று ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டாலும் பஸ்ஸில் நின்றுகொண்டாவது வந்து சேர்வேன்.