தோணியப்பருக்கு வீட்டுப் பவளமல்லி

தங்கை மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. மூன்று வயதில் ஞானசம்பந்தப் பிள்ளையைப் பாடவைத்த சீர்காழியே கதி என்று அம்மா வேண்டிக்கொண்டாள். 2023 கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைக்குத் தோண்டிய மண்ணிலிருந்து தேவாரச் செப்பேடுகள் வெளிவந்த கோயில் அது. புதைந்து கிடந்த பாட்டையே வெளியே கொண்டுவந்தவருக்கு ஒரு குழந்தையின் பேச்சு பெரிதா என்பது அம்மாவின் கட்சி. அங்கே தலவிருட்சம் பவளமல்லி. அதனால் பேச்சு வந்ததும் வீட்டு மரத்துப் பூவைத் தன் கையால் கோத்துச் சாத்துவதாக நேர்த்தி. பேச்சும் வந்தது, கிளம்பினோம்.

இந்தப் பூ இருட்டினால் விரியும், விடிவதற்குள் உதிரும், வெயில் ஏறினால் துவண்டுவிடும். உதிர்ந்த பூவானாலும் பவளமல்லி பூஜைக்கு ஆகும். இருந்தும் அம்மா மண் பட விடவில்லை. ராத்திரியே மரத்தடியில் துவைத்த வேட்டியை விரித்துவைத்து, விடியற்காலையில் அள்ளி, பவளக் காம்பின் குழலுக்குள் ஊசி விட்டுக் கோத்து, ஈர வாழைப்பட்டையில் சுற்றிக்கொண்டாள். மாயவரத்திலிருந்து சீர்காழி பக்கம்தான். ஆனால் முகூர்த்த நாள். வைத்தீஸ்வரன்கோயிலில் பஸ் நின்றது நின்றதுதான். அம்மா பட்டையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

கோயில் வாசலில், "இதையெல்லாம் சாத்த மாட்டாங்கம்மா, மாலை வாங்கிக்குங்க" என்று ஒருவர். சீக்கிரம் தரிசனம் பண்ணிவைப்பதாக இன்னொருவர் கூடவே வந்தார். சரி, அவர்களும் பிழைக்க வேண்டும். அதற்காகச் சாமிக்கு வந்த பூவைப் பார்த்து முகம் சுளிக்கலாமா?

கீழே மூலவர் பிரம்மபுரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, முட்டிவலியோடு படிக்குப் படி நின்று அம்மா நடுத்தளத்தில் இருக்கும் தோணியப்பர் சந்நிதிக்கு ஏறினாள். இதழ்கள் வாடியிருந்தன, காம்பு மட்டும் நிறம் மாறவில்லை. குருக்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சாத்தினார். தீபாராதனை வெளிச்சத்தில் அந்தச் சிவப்புத்தான் தெரிந்தது. அப்போது பார்த்துப் பொடியன் ஆரம்பித்தான்: "யாரு இது? ஏன் இவ்ளோ பெருசா இருக்காங்க? பாட்டி ஏன் அழுவுறா?" பின்னால் யாரோ "உஷ்" என்றார்கள். வாயைப் பொத்தப்போன தங்கையின் கையை அம்மா தட்டிவிட்டாள். "பேசட்டும்டி!"

அதற்கும் மேலே சட்டைநாதர். அவர் சந்நிதிக்குப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு போவதில்லை. தங்கை தலைப்பூவை எடுத்துவிட்டாள், ஏறினோம். அங்கே என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் தெரியாது. கேட்க எதுவும் மிச்சமில்லை, அப்பனே. அம்பாள் ஞானசம்பந்தருக்குப் பால் கொடுத்ததைக் கொண்டாடும் திருமுலைப்பால் உற்சவத்துக்கும் சித்திரையில் வரவேண்டும் என்கிறாள் அம்மா. கூட்டத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அதையும் நீயே பார்த்துக்கொள்.