முத்துவின் கால் வளைந்த பிறகு நான் தெரிந்துகொண்டது

முத்து ராஜபாளையம் நாய்க்குட்டி. 45 நாளில் வீட்டுக்கு வந்தான். நாலாவது மாதம் முன்னங்கால் இரண்டும் வளைய ஆரம்பித்தன, எழுந்திருக்கும்போது முனகினான், மாடிப்படிப் பக்கமே வரவில்லை. அதுவரை நாங்கள் வைத்தது காலையில் அவித்த முட்டை பிசைந்த சோறு, இரவில் எலும்பில்லாத கோழிக்கறி போட்டுக் குழைய வேகவைத்த சோறு. வயிறு நிறையச் சாப்பிட்டான், மேனி பளபளவென்று இருந்தது, அதனால் அவன் தட்டில் ஏதோ குறைகிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டதே "என்ன சாப்பாடு வைக்கிறீங்க?" என்றுதான். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. குட்டியின் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்று முதல் ஒன்றரைப் பங்காவது வேண்டும். அது கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும், எலும்பு மெலிந்து வளையும். தினமும் கறி போட்டு வளர்த்த பிள்ளைக்கா இப்படி என்று அன்று எனக்குத் தாங்கவில்லை.

சரி, கால்சியம் டானிக் ஊற்றினால் போதுமே என்று தோன்றும். ஒரு கடைக்காரர் அப்படித்தான் பாட்டிலை எடுத்து நீட்டினார். பெரிய இனக் குட்டிகளுக்கு அது இன்னொரு ஆபத்து. முதல் ஆறு மாதம் அவற்றின் குடலுக்கு மிதமிஞ்சி வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, அது கூடினாலும் எலும்பு கோணும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சரிவிகித பாக்கெட் உணவு சாப்பிடும் குட்டிக்கு, மருத்துவர் சொல்லாமல் டானிக் வேண்டவே வேண்டாம்.

முத்துவை மருத்துவர் 'லார்ஜ் பிரீட் பப்பி', அதாவது பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் உணவுக்கு மாற்றச் சொன்னார். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றினோம், ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்குதான். எங்கள் ஊரில் எந்த பாக்கெட்டாக இருந்தாலும் பெடிகிரி என்ற ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள், ஆனால் பாக்கெட்டுக்கு பாக்கெட் வித்தியாசம் உண்டு. முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஈரப்பதத்தைக் கழித்துப் பார்த்தால் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம், வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம் என்பது அமெரிக்க அளவுகோல். ஈரப்பதத்தை ஏன் கழிக்க வேண்டும் என்றால், கிரேவி பாக்கெட்டில் 10 சதவீதம் புரதம் என்று போட்டிருக்கும், கம்மியாகத் தெரியும், ஆனால் அதில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22-இல் 10 என்றால் 45 சதவீதம் ஆகிறது.

இப்போது முத்துவுக்கு மூன்று வயது. பாதி பாக்கெட், பாதி வீட்டுச் சோறு. நாய்க்கு அரிசியே ஆகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், அப்படியில்லை, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு உண்டு என்று 2013-இல் வந்த ஆய்வே சொல்கிறது. எனக்குப் பயம் சாம்பார் சாதத்தில்தான். வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அப்புறம் புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது பழைய செய்தி, அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். நம் வீடுகளில் மிஞ்சிய சாம்பார் சாதமும் புளியோதரையும் நேராக நாய்த்தட்டுக்குத்தானே போகிறது!

வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம், கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

அம்மா இப்போது வெங்காயம் சேர்ப்பதற்கு முன்பே வெந்த கேரட்டையும் பூசணியையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுகிறார். நான் வாரம் ஒருமுறை முத்துவின் விலாவைத் தடவிப் பார்ப்பேன், எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்தக் கூடாது, அதைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். கால்கள் நிமிர்ந்துவிட்டன, இடது முன்னங்காலில் மட்டும் லேசான வளைவு இன்னும் இருக்கிறது.