பலகையில் கிலோமீட்டர் இல்லை

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஷாமொனி பள்ளத்தாக்கில் ஓடப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று: பாதைப் பலகைகளில் பெரும்பாலும் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். நடப்பவர்களுக்கான கணக்கு அது. இரண்டு மணி என்று போட்டிருந்தால் ஒன்றில் முடித்துவிடலாம் என்று கெத்தாகக் கிளம்பினேன். ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனவர் ஒரு பாட்டி, கையில் இரண்டு ஊன்றுகோலோடு.

ஊர் 1,035 மீட்டரில் இருக்கிறது. மேலே கேபிள் கார் நிற்கும் பிளான்பிராஸ் சுமார் 2,000. முதல் நாளே கால்களைக் கொல்ல வேண்டாம், கேபிள் காரில் ஏறிக்கொள்ளுங்கள். அங்கிருந்து லா ஃபிளெஜேர் வரை போகும் தெற்கு பால்கனிப் பாதை பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது. எதிரே மோன் பிளாங் மலைத்தொடர் முழுசாக நிற்கும். பார்த்துக்கொண்டே ஓடினால் கல் தடுக்கும். எனக்குத் தடுக்கியது, முட்டி இன்னும் ஊதா நிறம்.

ஃபிளெஜேரிலிருந்து லாக் பிளாங் ஏரிக்கு (2,352 மீட்டர்) ஏறுவது வேறு கதை. ஜூனிலும் பனி கிடந்தது. ஓட்டமாவது, மண்ணாவது, தவழ்ந்தேன். சரி, ஏரியாவது நீலமாக இருக்கும் என்று பார்த்தால் பாதி இன்னும் உறைந்தே கிடக்கிறது!

இதே பள்ளத்தாக்கிலிருந்துதான் 2003 முதல், சுமார் 170 கிலோமீட்டர், மூன்று நாடுகள் வழியாக மோன் பிளாங்கைச் சுற்றிப் பந்தயம் ஓடுகிறார்கள். நான் பேக்கரிக்கு நடந்து போனேன், அதுவும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.