இரண்டு இரவுகளைத் தின்ற ஏர் நிப்பிள்

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியபோதுதான் முதல் எச்சரிக்கை வந்தது. எட்டாவது வளைவுக்குப் பிறகு பிரேக் பெடல் பஞ்சை மிதிப்பது போல இளகியது. கார் நின்றது, ஆனால் நான் கேட்ட இடத்தில் நிற்கவில்லை. பின்னிருக்கையில் இருந்தவர்களிடம் எதுவும் சொல்லாமல், இரண்டாவது கியரில் மெல்ல இறக்கிக் கொண்டுவந்தேன்.

அது பதினெட்டு வயதான சின்ன கார். முன்னால் காற்று போகும் இடைவெளி இல்லாத ஒற்றைத் தகட்டு டிஸ்க், பின்னால் டிரம். அதே மாடலின் பெரிய எஞ்சின் வகையில் இரு தகடுகளுக்கிடையே காற்றோட்டம் உள்ள தடித்த டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிபரும் உண்டு. பழைய உதிரிபாகமாக ஒரு ஜோடி கிடைத்தது. எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் முதலில் பிரேக் ஆயிலைத்தான் மாற்றியிருக்க வேண்டும். டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் சூடேறித் தோற்றால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடல் இளகுகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிறது என்று பொருள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் தரவிதி கேட்பதே 140 டிகிரிதான். என் காரில் ஐந்து வருடம் ஊறிய ஆயில் இருந்தது, நிறம் கருப்பட்டிக் காப்பி.

ஆனாலும் டிஸ்க்கை மாற்றினேன். ஆசை அப்படி. 13 அங்குலச் சக்கரத்துக்குள் புதுக் காலிபர் அடங்காது என்பது சக்கரத்தை மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 14 அங்குலம் தேட வேண்டியதாயிற்று. வீங்கித் தளர்ந்த, ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களையும் கழற்றி, எஃகுப் பின்னல் போட்டவற்றை மாட்டினேன். பின்பக்கத்தைத் தொடவில்லை. அங்கே பிடிப்பைக் கூட்டினால் அவசரத்தில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

பிறகு ஏர் எடுக்கும் படலம்: உள்ளே சிக்கிய காற்றை, காலிபரிலுள்ள நிப்பிள் என்ற சிறு திறப்பு வழியே ஆயிலோடு வெளியேற்றுவது. தம்பி ஓட்டுநர் இருக்கையில், நான் தரையில். "அழுத்து." "அழுத்திவிட்டேன் அண்ணா." "பிடித்துக்கொள்... விடு." ஒரு லிட்டர் டாட் 4 வகை ஆயில் காலியானது, குமிழ் வருவது நின்றது, பெடல் மட்டும் தரை வரை போனது. மறுநாள் இரவும் அதே கதை. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று தீர்ப்பெழுதி, புதிது வாங்கவும் துணிந்துவிட்டேன்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பிதான் கேட்டான்: "அந்த நிப்பிள் ஏன் அண்ணா கீழே இருக்கிறது?"

இடது காலிபரை வலத்திலும், வலதை இடத்திலும் மாட்டியிருந்தேன். போல்ட் எல்லாம் அழகாகப் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை. காற்று மேலேதான் ஏறும். நிப்பிள் அடியில் இருந்தால் ஆயில் மட்டும் வெளியே வரும், காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

மாற்றி மாட்டியதும் கால் மணி நேரத்தில் பெடல் நிமிர்ந்தது. பேட்டைத் தள்ளும் பிஸ்டன் புதுக் காலிபரில் பெரிது, மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்பதால் முன்பைவிடச் சற்று ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது, பழகிவிட்டது. ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் பத்துப் பன்னிரண்டு முறை குறைத்து, பேட்டை டிஸ்க்கோடு பழக்கினேன்.

போன வாரம் அதே மலையில் அதே நான்கு பேரோடு இறங்கினேன். பெடல் இளகவில்லை. அது தடித்த டிஸ்க்கின் புண்ணியமா, வெறும் புது ஆயிலின் புண்ணியமா என்று தம்பி கேட்டான். ஆயில் சிந்திப் பெயின்ட் உரிந்த ஃபெண்டரைத் துடைத்துக்கொண்டே, கேட்காதது போல இருந்துவிட்டேன்.