ப்ரெஷஸ் லார்ட்: ப்ளூஸ்காரர் எழுதின ஜெபம்

'ப்ரெஷஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்' (ஆண்டவரே, என் கையப் பிடிச்சுக்கோங்க) கிறிஸ்தவப் பாட்ட எழுதின தாமஸ் டார்சி அதுக்கு முன்னாடி 'ஜார்ஜியா டாம்'ங்கற பேர்ல ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களோட சோகமும் காதலும் கலந்த இசை) பியானோ வாசிச்சவரு, ப்ளூஸ் பாடகி மா ரெய்னி கூடல்லாம் மேடையேறினவரு, 1928ல அவர் போட்ட இரட்டை அர்த்த ஹிட் பாட்டு இருக்கே, அத சர்ச்சுல முணுமுணுக்கக்கூட முடியாது!

1932 ஆகஸ்ட்ல செயின்ட் லூயிஸ்ல ஒரு கூட்டத்துல இருக்கும்போது தந்தி வருது, சிகாகோல பிரசவத்துல மனைவி நெட்டி இறந்துட்டாங்கன்னு. ஓடி வந்து பாத்தா கொஞ்ச நேரத்துல குழந்தையும் போயிடுச்சு. மனுசன் நொறுங்கிப் போயிட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு பியானோ முன்னாடி உக்காந்தப்போ வந்ததுதான் இந்தப் பாட்டு.

ஆனா மெட்டு புதுசு இல்ல, 'மெய்ட்லண்ட்'னு 19ஆம் நூற்றாண்டு கீர்த்தனை மெட்டு, ஜார்ஜ் ஆலன் பேர்ல இருக்கறது. மூலத்த கேட்டா எண்ணி எண்ணி நேரா நடக்கும், டார்சி அத இழுத்து, சுரத்த வளைச்சு, பாடறவங்க நின்னு அழறதுக்கு இடம் விட்டு வச்சிருக்காரு. இத காப்பினு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது, அந்த இடைவெளிதான் பாட்டே.

பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளின் இத 14 வயசுல பாடி பதிவு பண்ணிட்டாங்க, எல்விஸும் 1957ல பாடினாரு (அது சுமார்தான், என்ன கேட்டா). 1968 ஏப்ரல் 4, மெம்ஃபிஸ் லொரெய்ன் மோட்டல் பால்கனில நின்னுகிட்டு கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கீழ இருந்த இசைக்கலைஞர் பென் ப்ராஞ்ச்கிட்ட இன்னிக்கு ராத்திரி இந்தப் பாட்ட நல்லா வாசிங்கன்னு கேட்டாரு, அடுத்த சில நொடில சுட்டுட்டாங்க. அவரோட இறுதிச் சடங்குல சர்ச் பாட்டுகளுக்குப் பேர்போன பாடகி மஹாலியா ஜாக்சன் பாடினது இதத்தான், 1972ல மஹாலியா இறந்தப்போ அரீத்தா பாடினதும் இதேதான்.