கூத்துப் பாய்

மே 9, வெள்ளி

கத்திரி தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. தாம்பரத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறும்போது ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. "இந்த வெயிலில் யாராவது ஊருக்குப் போவார்களா?" என்றாள் மகள். எங்கள் ஊருக்கு இந்த வெயிலில்தான் போக வேண்டும். அறுப்பு முடிந்து கழனி காய்ந்து கிடக்கிற பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில்தான் பெரும்பாலும் செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். அழைப்புப் பத்திரிகையில் 'அக்கினி வசந்த விழா' என்று அச்சடிப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் அது 'பாரதம்'தான். பிற்பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும்.

அம்மா சொன்னபடி ஐந்து கிலோ சின்ன வெங்காயம் என் காலடியில் இருந்தது. அதற்கும் டிக்கெட் போடட்டுமா என்று கண்டக்டர் சிரித்தார். காஞ்சிபுரத்தில் பஸ் மாறி வீடு சேர்வதற்குள் எங்கள் மூவருக்கும், அதாவது எனக்கும் மகளுக்கும் வெங்காயப் பைக்கும், ஒரே வாசனை.

மே 10, சனி

காலையில் கூழ். நேற்றே நொய் வேகவைத்து, புளித்த கேழ்வரகு மாவை ஊற்றித் துடுப்பால் கிளறி வைத்திருந்தாள் அம்மா. உருண்டையை மோரில் கரைத்து, வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தோம். கருவாடு எங்கே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "கொடி ஏறிவிட்டது. கவிச்சி பேச்சே எடுக்காதே."

பிறகு வடகம். வெங்காயத்தைத் தோலுரித்து உரலில் நசுக்க வேண்டும். மையாக அரைத்தால் போயிற்று, ஒன்றிரண்டாக இருக்க வேண்டும். அதோடு நசுக்கிய பூண்டு, ஊறவைத்துக் கரகரவென்று அரைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கல் உப்பு. எல்லாவற்றையும் பிசைந்து பானையில் அழுத்தி வாயைத் துணியால் கட்டினாள். இரண்டு நாள் கழித்துத்தான் வெயிலைப் பார்க்கும். மகள் கண் எரிகிறது என்று ஓடிப்போய், வாசனைக்குத் திரும்பி வந்தாள்.

இரவு கூத்து, திரௌபதி துகில். பத்தரை மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். இடம் பிடிப்பதில் இன்றும் அம்மாவை வெல்ல ஆளில்லை. மத்தளக்காரருக்கு நேர் எதிரே விரித்துவிட்டாள்.

மே 11, ஞாயிறு

உண்மையை எழுதிவிடுகிறேன். தூங்கிவிட்டேன். சகுனி காயை உருட்டியது நினைவிருக்கிறது. விழித்தபோது துச்சாதனன் சேலையைப் பற்றியிருந்தான். திரௌபதி வேஷம் கட்டியவருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இடையில் இரண்டு மணி நேரம் காணாமல் போயிருந்தது.

சென்னையில் சபாவில் ஒன்றரை மணி நேர நாட்டியத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, இருமலைக்கூட அடக்கிக்கொள்கிற ஆள் நான். இங்கே வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "தூங்காமல் யாரால் முடியும்? அதற்குத்தானே பாய்" என்றாள்.

மே 13, செவ்வாய்

நேற்று இரவு அர்ச்சுனன் தபசு. சிறுமியாக இருந்தபோது ஒரு வருஷம்கூட அவன் மரம் ஏறியதைப் பார்த்ததில்லை. காலையில் வீட்டுத் திண்ணையில் விழிப்பேன், கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். இந்த முறை விடுவதில்லை என்று இரண்டு முறை டீ குடித்தேன்.

அதற்கு முன் வேஷம் கட்டுகிற கொட்டகையில் கொஞ்ச நேரம் நிற்க விட்டார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் சாய்த்த கைக்கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் முகத்தைத் தாங்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். துரியோதனன் முகம் முழுக்கச் சிவப்பு. அதன் மேல் ஈர்க்குச்சியால் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கன்னம் முடியக் கால் மணி நேரம். நடுவில் செல்பேசி அடித்தது. கன்னம் அசையாமல், "நாளை காலையில் பால் கறக்க வந்துவிடுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த புள்ளியை வைத்தார். பிறகு கட்டைகள்: மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் மினுக்குத் தாளும் ஒட்டிய புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம். ஒருவர் முதுகில் முட்டி கொடுத்து இழுத்துக் கட்ட, அந்த மனிதர் மூச்சை அடக்கி இரண்டு மடங்காக எழுந்தார். தெருக்கூத்து என்பதா கட்டைக்கூத்து என்பதா என்று படித்தவர்கள் வாதாடுவதுண்டு. அந்தக் கட்டைகளை ஒருமுறை தூக்கிப் பார்த்ததிலிருந்து நான் இரண்டாவது கட்சி.

மூன்று மணி வரை விழித்திருந்தேன். ஐந்து மணிக்கு யாரோ தோளை உலுக்கினார்கள். மகள். "அம்மா, ஏறுகிறார்!"

பனைமரத் தபசுக் கம்பத்தின் பாதியில் இருந்தான் அர்ச்சுனன். படிக்கு ஒரு பாட்டு, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கீழே, பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் ஈரச் சேலையோடு படுத்திருந்தார்கள். உச்சியில் இருந்து பூவும் விபூதியும் எலுமிச்சம்பழமும் விழுந்தன. ஒரு பழம் எங்கள் பாய்க்கு அருகே உருண்டு வந்தது. எடுக்கப் போன மகளை அம்மா தடுத்து, ஈரச் சேலையில் ஓடி வந்த ஒருத்தியிடம் கொடுத்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே மடியில் முடிந்துகொண்டாள். சின்ன வயதில் என் கைக்கு வந்த பழங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். "கடையில் வாங்கினேன்" என்றாள் அம்மா.

மே 15, வியாழன்

மாலையில் மழை. வடகம் மொட்டை மாடியில். மூன்று பேரும் ஓடினோம், படியில் என் செருப்பு அறுந்தது. முக்கால் பங்கு தப்பியது. வடகத்துக்கு ஈரம் ஆகாது, பூசணம் பூத்துவிடும். கிருஷ்ணன் தூது ஒரு மணி நேரம் தாமதம்.

மே 17, சனி

நேற்று கர்ண மோட்சம். இந்த முறை நான் கூத்தைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன்.

பதினொன்றுக்குப் படுத்தாள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஊரில் நடந்த குடிநீர்ச் சண்டையைக் கதைக்குள் இழுத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தபோது அசையவில்லை. பின்பாட்டும் தாளமும் ஆர்மோனியமும் உச்சத்துக்குப் போனபோதும் அசையவில்லை. இரண்டு மணி சுமாருக்கு இருவர் திரையைப் பிடித்தார்கள். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் ஒருமுறை கீச்சென்றது, அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். திரைக்கு மேல் கர்ணனின் கிரீட நுனி மட்டும் தெரிந்தது. போருக்குப் போகாதே என்று மனைவி பொன்னுருவி தடுக்கிற தர்க்கம் முடியும் வரை கண் கொட்டாமல் பார்த்தாள். போர் தொடங்கியதும் மறுபடி படுத்தாள். கர்ணன் சாய்ந்து, கிருஷ்ணன் கிழ அந்தணனாக வந்து புண்ணியத்தை யாசிக்கும்போது தானாகவே எழுந்தாள். அதற்கு முகவீணைகூடத் தேவைப்படவில்லை.

கதை தெரியாதவருக்குத்தான் ஒரு நொடியையும் விடக் கூடாது. சிறு வயதில், பேர்பெற்ற கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தையும் இப்படித்தான் பாயில் கிடந்து பார்த்தாளாம். "அவர் வந்தால் தூக்கம் கலையும்" என்றாள். அதைவிடப் பெரிய விமர்சனம் எந்தப் பத்திரிகையில் வரப்போகிறது?

மே 18, ஞாயிறு

படுகளம். ஏரிக்கரை ஓரத்துத் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். தலையிலிருந்து கால் வரை எண்ணி நடந்தேன், நாற்பத்திரண்டு அடி வைக்க வேண்டியிருந்தது. மீசை என் கை நீளம். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் வியர்வையில் சாயம் வழிய அவனைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பால் கறக்கப் போக வேண்டியவர்தான், குரல் கம்மிப்போயிருந்தது. பீமனின் கதாயுதம் மண் உருவத்தின் தொடையில் விழுந்தது. உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து செந்நீர் கொட்டியது. அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடித்தாள். முடிந்ததும் ஒப்பாரி தொடங்கியது. கெட்டவன் செத்ததற்கு ஏன் அழுகிறார்கள் என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு ஒரே தள்ளுமுள்ளு. எல்லோரும் மண்ணைப் பெயர்த்து எடுத்தார்கள். நெல் குதிரில் போட்டால் குறையாதாம். அம்மா முந்தானையில் ஒரு கை அள்ளினாள். மகள் மீசையில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

மாலை தீமிதி. கூட்டத்தில் நெருங்க முடியவில்லை, புகையைத்தான் பார்த்தோம்.

மே 20, செவ்வாய்

நேற்று தர்மர் பட்டாபிஷேகம் முடிந்தது, கொடி இறங்கியது. இன்று விடிந்ததும் அம்மா நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டாள். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுப் புளிக்குழம்பு. போன வருஷத்து வடகம் ஒன்றைக் கையால் நொறுக்கி நல்லெண்ணெயில் போட்டாள், எதிர்வீட்டுச் சித்தி கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

புது வடகத்துக்கு இன்னும் நாலு வெயில் வேண்டும். அதன்பிறகு விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கடைசி வெயில் காட்டிப் பானையில் வைக்க வேண்டும். அதனால் எனக்குப் பழையதைத்தான் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். மகள் துரியோதனன் மீசையைச் செய்தித்தாளில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்திருக்கிறாள். எங்கள் அடுக்குமாடி வீட்டில் நெல் குதிர் ஏது? அரிசி டப்பாவில் போட்டுக்கொள்ளலாமாம். பாட்டியிடம் கேட்டுவிட்டாளாம்.

இரண்டு மணி பஸ்.