பதினைந்து மாதத்துக்கு முன்பே முடித்த இணைய ஒப்பந்தம்

2023 மே மாதக் கடைசியில் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து ஐஃபெல் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தோம். மனைவிக்கு அங்கே மருத்துவமனையில் செவிலியர் வேலை. புது வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இணைய இணைப்பின் நினைவே வந்தது. இணையமும் வீட்டுத் தொலைபேசியும் சேர்ந்த 24 மாத ஒப்பந்தம் அது. மாதம் 45 யூரோ. இன்னும் பதினைந்து மாதம் மீதம் இருந்தது. அப்படியென்றால் 675 யூரோ.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். புது முகவரியைத் தட்டிப் பார்த்த பெண், அந்தத் தெருவில் தங்கள் கேபிள் இல்லை என்றார். "ஆனாலும் மூன்று மாதக் கட்டணம் கட்டிவிட்டால் 'குலான்ஸ்' அடிப்படையில் விடுவிக்கிறோம்" என்றார். குலான்ஸ் என்றால் ஜெர்மானிய வணிகத்தில் பெருந்தன்மையாகச் செய்துதரும் சலுகை. என் நண்பர்கள் இருவர் இதே சொல்லைக் கேட்டு நன்றி சொல்லிப் பணம் கட்டியிருக்கிறார்கள். நானும் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டேன்.

அன்று இரவு சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் நிலைமை நிஜமாகவே மோசம். இணைப்பு இல்லாத ஊருக்குக் குடிபோனால் அது வாடிக்கையாளரின் பாடு, ஒப்பந்தக் காலம் முழுவதும் பணம் கட்டத்தான் வேண்டும் என்று 2010 நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2012இல் சட்டம் திருத்தப்பட்டு, மூன்று மாத முன்னறிவிப்புடன் விலகலாம் என்று ஆனது. அந்தப் பெண் சொன்ன மூன்று மாதம் அந்தப் பழைய கணக்குதான். 2021 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி ஒரே மாதம் போதும். அதைவிட முக்கியம், குடிபோகும் முன்பே கடிதம் கொடுத்து, வீட்டைக் காலி செய்யும் நாளோடு முடியும்படி கேட்கலாம்.

ஏப்ரல் 20 அன்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் கடிதம் அனுப்பினேன். நுகர்வோர் மையத்தின் மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதியது. மொத்தம் ஆறே வரி. வாடிக்கையாளர் எண், புது முகவரி, 60ஆம் பிரிவு, மே 31 என்ற தேதி, எழுத்தில் உறுதி வேண்டும் என்ற கோரிக்கை. வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் இணைத்தேன்.

பதிலில் இரண்டு முட்டுக்கட்டை. முதலாவது, புது முகவரியில் பதிவு செய்த சான்று வேண்டுமாம். ஜெர்மனியில் குடிபோன பிறகுதான் நகராட்சியில் முகவரியைப் பதிய முடியும், அதற்கு இரண்டு வாரம் அவகாசம். முன்கூட்டியே அந்தத் தாள் எப்படிக் கிடைக்கும்? குடிபோன மறுவாரம் அனுப்புகிறேன் என்று எழுதி, அப்படியே அனுப்பினேன். இரண்டாவதுதான் பெரிய சிக்கல். வேறொரு நிறுவனத்தின் பழைய செம்புக் கம்பி வழியாக 16 மெகாபிட் இணைப்புத் தருகிறோம், ஆகவே விலக முடியாது என்றார்கள். எங்கள் ஒப்பந்தம் 250 மெகாபிட்டுக்கு. ஒப்புக்கொண்ட அதே சேவையை அதே நிபந்தனையில் புது வீட்டில் தரவேண்டும், முடியாவிட்டால் விலகும் உரிமை எனக்கு உண்டு. இதைத்தான் சட்டம் சொல்கிறது. அந்த வரியை அப்படியே எடுத்தெழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

தொலைபேசி எண்ணையாவது கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்தேன். ஊருக்குள்ளேயே வீடு மாறினால் எண்ணும் கூடவே வரும். கொலோனின் 0221 என்ற ஊர்க்குறியீட்டு எண் ஐஃபெலுக்கு வராது. கும்பகோணத்தில் அம்மா அந்த எண்ணை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். மே 31 இரவு, பெட்டிகளுக்கு நடுவே தரையில் இருந்த போன் கடைசியாக அடித்தது. "ஏனப்பா, நாளைக்கு இதில் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்?" என்று கேட்டார். புது எண்ணை மெதுவாகச் சொன்னேன். கதவைத் திறக்கும் சத்தமும் பென்சில் உரசும் சத்தமும் கேட்டன.

ஜூன் மாதம் என் கணக்கிலிருந்து 45 யூரோவை எடுத்துவிட்டார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கும் தொகையை எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி வாங்கலாம். அதைச் செய்தேன். ஏன் திருப்பினேன் என்று நிறுவனத்துக்கும் அன்றே எழுதினேன். எழுதாமல் விட்டால் அடுத்து வருவது வசூல் முகமையின் கடிதம். பிறகு பான் நகரில் இருக்கும் கூட்டாட்சி வலையமைப்பு முகமையில், அதாவது தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பில், புகார் கொடுத்தேன். கட்டணம் இல்லை. தேதிவாரியாக எல்லாக் கடிதங்களையும் இணைத்தேன். போனில் பேசியவற்றைச் சேர்க்கவில்லை, அவற்றுக்கு என்னிடம் சாட்சி இல்லை.

மூன்று வாரம் கழித்து நிறுவனத்திடமிருந்து ஒற்றைத் தாள் வந்தது. ஒப்பந்தம் மே 31 அன்று முடிந்தது, நிலுவை ஏதுமில்லை. மனைவியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஆகஸ்டில், நான் திருப்பி அனுப்பிய ரவுட்டர் வந்து சேரவில்லை என்று நிறுவனத்திடமிருந்து இன்னொரு பில். பார்சல் ரசீதும், பெட்டியை ஒட்டும் முன் எடுத்த வரிசை எண்ணின் படமும் கோப்பில் இருந்தன. இரண்டையும் அனுப்பினேன். அந்த வாரமே ரத்து செய்தார்கள்.